வேம்பும் நஞ்சும்: பயிர்க்காப்பின் வரலாற்றிலிருந்து சில பாடங்கள்

உழவின் வரலாற்றை எழுதுவோர் ஏரைப் பற்றி எழுதுவர். குளத்தைப் பற்றி எழுதுவர். வரியைப் பற்றியும் குத்தகையைப் பற்றியும் எழுதுவர். விளைந்த பயிரிற் பங்கு கேட்டு வந்த புழுவோடும் பூச்சியோடும் பூஞ்சணத்தோடும் கமக்காரன் நடத்திய நீண்ட போரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் அந்தப் போரின் வரலாற்றை அறியாமல், இன்று நம்மிடையே நடைபெறும் ஒரு முக்கியமான விவாதத்தில் நாம் சரியான பக்கத்தில் நிற்க முடியாது. இரசாயனக் கிருமிநாசினிகளுக்கு மாற்றாக வேப்பங்கொட்டைச் சாறு, பூச்சியைக் கொல்லும் பூஞ்சணம், முட்டையைத் துளைக்கும் நுண்குளவி ஆகியவற்றைக் கொண்டு பயிரைக் காக்க இயலுமா என்பதே அவ்விவாதம்.

இந்த விவாதத்தில் இரண்டு குரல்கள் உரத்துக் கேட்கின்றன. 'முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரசாயனம் அந்நியன் கொண்டுவந்த சாபம். பழமைக்குத் திரும்பினாற் போதும்' என்பது ஒரு குரல். 'மருந்தடிக்காமல் நெல் விளையாது. வேம்பைப் பற்றிப் பேசுவது நகரத்தாரின் பொழுதுபோக்கு' என்பது மற்றது. முதற்குரலில் பழமைப் பற்றும், இரண்டாவதில் வியாபாரமும் ஒலிக்கின்றன. வரலாறு இவ்விரண்டையும் மறுக்கிறது. அது எவ்வாறு என்பதைக் காட்டுவதே நமது நோக்கம்.

எடுத்துக்காட்டாக வன்னிப் பெருநிலப்பரப்பையே எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதிக்கு மேற்கே, அக்கராயன்குளத்தை அண்டிக் கிடக்கும் கிராமங்களுள் ஸ்கந்தபுரம் ஒன்று. குளத்து நீரையும் மாரி மழையையும் நம்பி நெல் விளைவிக்கும் மக்கள் அங்கு வாழ்கின்றனர். 1996 இல் கிளிநொச்சி நகரம் போரில் வீழ்ந்தபோது இடம்பெயர்ந்த மக்கள் பெருந்தொகையாக அடைக்கலம் புகுந்த இடங்களுள் அதுவும் ஒன்று. 2008 இல் அவ்வூர் மக்களே வீடு வாசலையும் வயலையும் விட்டு ஓட நேர்ந்தது. போர் முடிந்தபின் திரும்பி வந்து, காடு மண்டிய வயலை மீண்டும் வெட்டித் திருத்தியவர்கள் அவர்கள். அத்தகைய ஊரில் ஒரு போகம் பொய்த்தால் அதன் பொருள் என்ன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பயிர்க்காப்பு என்பது அங்கே ஏட்டுச் சர்ச்சையன்று. அடுத்த மாரிவரை அடுப்பெரியுமா என்ற கேள்வி.

வன்னியைத் திறந்த நஞ்சு

பழமைக்குத் திரும்புவோம் என்பாருக்கு வன்னியின் வரலாறு முதலிலேயே ஒரு கேள்வியை எழுப்புகிறது. எந்தப் பழமைக்கு?

1895 இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். காய்ச்சலும் வறட்சியும் சூறையாட, குளங்கள் உடைந்து, ஊர்கள் காடாகிக் கிடந்த ஒரு நாட்டின் சித்திரமே அதிற் காணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக்குளம் கட்டப்பட்டபோதும் குடியேற்றம் எளிதாக நிகழவில்லை. மலேரியா எனும் காய்ச்சல் வாசலிற் காவல் நின்றது. 1934-35 ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 மக்கள் மடிந்தனர்.

அந்தக் காவலை உடைத்தது யாது? சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயனவியலாளர் பால் முல்லர் 1939 இல் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த டி.டி.ரீ. என்னும் நஞ்சேயாகும். 1946 முதல் அது இலங்கையின் வீட்டுச் சுவர்களிலே பரவலாகத் தெளிக்கப்பட்டது. 1946 இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் டி.டி.ரீ.யின் கணக்கில் எழுதலாமா, உணவு நிலையும் மருத்துவமனைகளின் பெருக்கமும் எவ்வளவு துணைபுரிந்தன என்று அறிஞர்கள் வாதிட்டதுண்டு. ஆயினும் உலர்வலயக் குடியேற்றங்கள் பெருகுவதற்கு மலேரியா ஒடுங்கியமை இன்றியமையாத காரணமாயிற்று என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆகவே இன்றைய வன்னி வயல்களின் பின்னணியில் இரசாயனத்துக்கும் ஒரு பங்குண்டு. இதை ஒப்புக்கொள்ளாத எவரும் நேர்மையாகப் பேச முடியாது.

ஆனால் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் தொகை வெறும் 17. வெற்றி கிட்டிவிட்டதெனத் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதே காலத்தில் நுளம்பும் டி.டி.ரீ.யைத் தாங்கிக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. மலத்தியன் என்ற வேறொரு நஞ்சுக்கு மாறவேண்டியதாயிற்று. இறுதியில் 2016 இல் மலேரியாவற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அந்த வெற்றி ஒரு மருந்துப் போத்தலாற் கிடைத்ததன்று. ஊர் ஊராகச் சென்று இரத்தம் சோதித்த ஊழியர்களாலும், நோயாளியைத் தேடிச் சென்ற பொதுச் சுகாதார அமைப்பினாலும், நுளம்பின் வாழ்க்கையைக் கற்ற விஞ்ஞானத்தினாலும் கிடைத்தது. நஞ்சு தற்காலிகமாக வழிதிறக்கும். அறிவும் அமைப்புமே வழியைக் காக்கும். இந்தப் பாடத்தை நாம் வயலுக்கும் எடுத்துச் செல்லவேண்டும்.

பாட்டியின் பானையில் இருந்த அறிவு

இரசாயனம் வருமுன் நம்மவர் பயிரையும் தானியத்தையும் எவ்வாறு காத்தனர்? பயற்றையும் உழுந்தையும் சாம்பல் பிசறிப் பானையில் இட்டு வைத்தனர். நெல்லோடு வேப்பிலையையும் நொச்சி இலையையும் போட்டு வைத்தனர். வேப்பம் பிண்ணாக்கைத் தோட்டத்து மண்ணில் இட்டனர். பூவரசங்குழையை மண்ணில் தாழ்த்தினர். கோடையில் உழுது மண்ணைக் காயவிட்டு, அதில் உறங்கிய கூட்டுப்புழுவை வெயிலுக்கும் காகத்துக்கும் கொடுத்தனர். சிங்களக் கிராமங்களிலும் 'கெம்' என்று வழங்கும் மரபு முறைகள் பல உண்டு. இரு மொழி பேசும் உழவரும் ஒரே பூச்சியோடு போராடி, ஏறத்தாழ ஒரே விடைகளுக்கு வந்திருக்கின்றனர் என்பது நமது ஊன்றிய கவனத்துக்குரியது.

இந்த மரபிலே மந்திரமும் கலந்திருந்தது. நாள் பார்த்தலும் சடங்கும் நேர்த்தியும் அதனோடு ஒட்டிக்கிடந்தன. சாம்பல் வண்டின் உடலிலுள்ள மெழுகுப் படையைச் சுரண்டி அதை உலரச் செய்கிறது; அது சடங்கின்றியும் வேலை செய்யும். உமியை நீக்கிக் கருவை எடுப்பதுபோல, மரபிலிருந்து அனுபவ உண்மையைப் பிரித்தெடுப்பதே முற்போக்காளரின் கடமை. மரபை முழுவதாக வணங்குவோரும் முழுவதாக எறிவோரும் அவ்வுழைப்பைத் தட்டிக் கழிப்பவர்களே.

மேலும் 'இயற்கை' என்ற சொல்லே ஒன்றைத் தீங்கற்றதாக்கிவிடாது. யாழ்ப்பாணத்து மண் விளைவித்த புகையிலையிலுள்ள நிக்கொட்டின் ஒருகாலத்தில் உலகெங்கும் பூச்சிகொல்லியாக விற்கப்பட்டது. அது இயற்கைப் பொருளே; ஆயினும் மனிதனைக் கொல்லவல்ல கொடிய நஞ்சு. இயற்கையா செயற்கையா என்று மட்டும் கேட்பது போதாது. எதைக் கொல்கிறது, எதைக் கொல்லாமல் விடுகிறது, எத்தனை நாள் நிலைக்கிறது, தெளிப்பவனுக்கு என்ன செய்கிறது, அதன் விலை யாருடைய பைக்குப் போகிறது என்பவையே கேட்கத்தக்க கேள்விகள்.

இலங்கையே எழுதிய அத்தியாயம்

பூச்சிக்குப் பூச்சியே பகை என்ற உண்மையைப் பயன்படுத்துவதில் நமது தீவுக்கு ஒரு சிறப்பான இடமுண்டு. இதைப் பாடப்புத்தகங்கள் நமது மாணவர்க்குச் சொல்வதில்லை.

1795 இல் பிறேசிலிலிருந்து ஒருவகைச் செதிற்பூச்சி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. செஞ்சாயம் தரும் பூச்சி என்று கருதிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் செய்த காரியம் அது. சாயம் கிடைக்கவில்லை, ஆனால் அப்பூச்சி நாகதாளியைத் தின்று அழித்தது. 1860களில் அது தென்னிந்தியாவிலும் அங்கிருந்து இலங்கையிலும் நாகதாளியை ஒழிப்பதற்கென்றே விடப்பட்டது. களையை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் திட்டமிட்டு ஒரு பூச்சியைக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சியாக விஞ்ஞான வரலாற்றாசிரியர் இதனைக் குறிப்பிடுவர். பின்னர் 1926 இல் மற்றோரினச் செதிற்பூச்சி இலங்கையிலிருந்து இந்தியாவுக்குச் சென்று, தமிழகத்தின் சப்பாத்திக்கள்ளியை அடக்கிற்று.

1869 இல் மலையகத்துக் கோப்பியிலே துருநோய் கண்டது. அந்நோயை ஆராய 1880 இல் வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், காடழித்து மலைமலையாக ஒரே பயிரை நட்டமையே பூஞ்சணத்துக்கு விருந்து வைத்ததென விளக்கினார். தோட்டத்துரைமார் விரும்பியதோ உடனடி மருந்து. மருந்து கிடைக்கவில்லை, கோப்பி அழிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர். நோயின் சுமையையும் மாற்றத்தின் சுமையையும் தாங்கியவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளரே.

தேயிலையும் அதே பாடத்தைப் படிக்க நேர்ந்தது. இலைகளைச் சுருட்டித் தின்னும் ஒரு புழு தேயிலையைத் தாக்கியபோது, 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ரஸ் என்னும் சிறு குளவி வருவிக்கப்பட்டது. குளவி புழுவின் உடலில் முட்டையிட, குஞ்சுகள் புழுவையே உண்டு வளர்ந்தன. பூச்சி அடங்கிற்று, ஆண்டுதோறும் பணம் செலவிட வேண்டியிருக்கவில்லை. பின்னர் 1950களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்டிரின் என்ற இரசாயனம் தெளிக்கப்பட்டது. அது குளவியையும் கொன்றது. உடனே, அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டுப் புழு மீண்டும் பெருகிற்று. ஒரு பகைவனை அடித்தபோது நண்பனும் மடிந்தான். நண்பன் மடிந்தபோது பழைய பகைவன் எழுந்தான். கிருமிநாசினிப் பிரச்சினையின் சாரம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. 1970களின் தொடக்கத்தில் தென்னோலையைத் துளைக்கும் வண்டு பரவியபோது, சிங்கப்பூரிலிருந்து வருவித்த நுண்குளவியைக் கொண்டே அது அடக்கப்பட்டது.

ஆகவே உயிரியல் முறைகள் ஏதோ நேற்றைய புதுமையுமல்ல, ஏட்டுச் சுரைக்காயுமல்ல. நமது நாட்டிலேயே வெற்றிபெற்றவை.

வயலுக்கு வந்த கடன்

அவ்வாறாயின் நெல்வயலில் நஞ்சு எவ்வாறு ஆட்சியைப் பிடித்தது? 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடையில் உருவாகிய எச்-4 நெல்லினமும் அதன்பின் வந்த குட்டை நெல்லினங்களும் விளைச்சலைப் பெருக்கின. இது மறுக்கொணாத சாதனை. ஆனால் பசளையை உண்டு செழித்த அடர்ந்த பயிர், தத்திக்கும் செழித்த மேய்ச்சலாயிற்று. விதையோடு பசளையும், பசளையோடு கிருமிநாசினியும், அவற்றோடு கடனும் வந்தன. 1970களில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டபோது வடபகுதியிலும் வன்னியிலும் செத்தல் மிளகாய் பணப்பயிராக ஓங்கியது. அதனோடு தெளிப்பும் ஓங்கியது. 1977 இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மிளகாய் விலை வீழ்ந்தது. தெளிக்கும் பழக்கமும் கடைக்கடனும் எஞ்சின.

கபிலநிறத் தத்தியின் கதையை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். தமிழகத்தார் இதனைப் புகையான் என்பர். இப்பூச்சி நெல்லின் இலையுறையினுள்ளே முட்டையிடும். தெளித்த மருந்து முட்டையைத் தீண்டாது. வயலிலே திரியும் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் சிறு நாவாய்ப்பூச்சியும் முதலில் மடியும். சில நாளில் முட்டைகள் பொரிக்கும். தின்பாரற்ற வயலில் தத்தி பல்கிப் பெருகும். கமக்காரன் மீண்டும் தெளிப்பான். மருந்தே நோயைப் பெருக்க, நோய் மருந்தை விற்றுக் கொடுக்கும். இதைவிட இலாபமான வியாபாரம் வேறெது?

இந்த வியாபாரத்தின் மற்றோர் ஏட்டில் மனித உயிர்கள் பதிவாயின. கிராமந்தோறும் வீட்டு மூலையில் நஞ்சுப் போத்தல் இருந்த காலத்தில், 1995 இல், இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவுக்குத் தற்கொலை உயர்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மிகக் கொடிய நஞ்சுகள் படிப்படியாகத் தடுக்கப்பட்டன. 1984 இல் பரதியன், 1995 இல் மொனோகுரோற்றோபொஸும் மெதமிடோபொஸும், 1998 இல் எண்டோசல்பான், பின்னர் பரகுவாற் எனத் தடை தொடர்ந்தது. தற்கொலை வீதம் பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. இத்தடைகளால் நெல் விளைச்சல் குன்றிப்போகவில்லை என்பதையும் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். மனத்துயர் ஒரு கணத்தில் எழுகிறது. அக்கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சில்லாதிருந்தால் மனிதன் பிழைக்கிறான். பல்லாயிரம் குடும்பங்களைக் காத்த இந்தப் பொதுக் கொள்கையைப் பற்றி நமது பத்திரிகைகள் போதிய அளவு எழுதியதில்லை.

வேம்பின் வழக்கு

இனி வேம்பைப் பார்ப்போம். 1959 இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது வேப்பமரம் மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஹைன்றிக் ஷ்முத்தரர் கண்டார். 1962 இல் டெல்லியின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். பிரதான் என்பாரும் அவரது தோழர்களும் வேப்பம் பருப்பின் கரைசலைத் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தீண்டாது விட்டதை எடுத்துக்காட்டினர். 1968 இல் இங்கிலாந்தில் அசாடிராக்டின் என்ற அதன் மூலப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு மிகச் சிக்கலானது. ஆய்வுகூடத்திலே அதைச் செயற்கையாக ஆக்கி முடிக்க 2007 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், கேம்பிரிட்ஜ் இரசாயனவியலாளர் உழைக்கவேண்டியிருந்தது. நமது முற்றத்து மரமோ ஆண்டுதோறும் அதைக் கூலியின்றிச் செய்து நிலத்தில் உதிர்க்கிறது.

அது எவ்வாறு வேலை செய்கிறது? பூச்சியை அடித்து வீழ்த்துவதன்று அதன் வழி. அதன் பசியைக் கெடுக்கிறது. தோலுரிக்கும் சுரப்பைக் குழப்பி வளர்ச்சியைத் தடுக்கிறது. இலையைத் தின்னும் புழுவே பெரிதும் பாதிக்கப்படும். இலையைத் தின்னாத சிலந்தியும் குளவியும் பெரும்பாலும் தப்பும். சில நாள் வெயிலில் அது சிதைந்துவிடும். இந்தக் கடைசிப் பண்பு நன்மையுமாகும், குறையுமாகும்: உணவில் நஞ்சு தங்காது, ஆனால் மீண்டும் மீண்டும் தெளிக்கவேண்டும். பூச்சி உடனே விழுவதைக் கண்டு பழகிய கண்ணுக்கு வேம்பு தோற்றுவிட்டதாகத் தோன்றும்.

இத்தகைய பொருளை வியாபாரிகள் விட்டுவைப்பார்களா? 1994 இல் அமெரிக்க அரசின் விவசாயத் திணைக்களத்துக்கும் டபிள்யூ. ஆர். கிறேஸ் என்ற கம்பெனிக்கும் வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கான காப்புரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வழங்கிற்று. இந்திய அறிஞர் வந்தனா சிவாவும், ஐரோப்பியப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்டா ஆல்வூற்றும், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனமும் 1995 இல் அதனை எதிர்த்து வழக்காடினர். 2000 மே மாதத்தில் காப்புரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. பத்தாண்டுப் போராட்டத்தின் பின்னரே, வேம்பு வேம்பைப் பயன்படுத்தியவர்களுக்குரியது என்பது சட்டத்தில் நிலைநாட்டப்பட்டது.

நுண்ணுயிர்களின் கதையும் இவ்வாறே நீண்டது. 1879 இல் ஒடெசாவில் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிக்கோவ், கோதுமை வண்டைக் கொல்லும் பச்சைப் பூஞ்சணத்தைக் கண்டு, அதை வளர்த்து வயலில் இடலாமென முன்மொழிந்தார். 1901 இல் ஜப்பானில் இஷிவாட்டா பட்டுப்புழுவின் நோயிலே கண்ட பற்றீரியம், 1911 இல் ஜெர்மனியில் பெர்லினரால் மீண்டும் கண்டறியப்பட்டு, 1938 இல் பிரான்சில் பூச்சிகொல்லியாக விற்பனைக்கு வந்தது. இவை வளர்ந்துகொண்டிருந்த வேளையில் டி.டி.ரீ. வந்து அவற்றைப் பின்தள்ளிற்று. உயிரியல் முறை அறிவிற் தோற்கவில்லை. மலிவாகவும் விரைவாகவும் விற்கத்தக்க சரக்கின் முன்னே சந்தையில் தோற்றது.

அரசாணையும் ஆய்வுகூடமும்

இவ்வளவும் உண்மையாயின் 2021 இல் நேர்ந்தது ஏன் நேர்ந்தது? இதுவே இன்று நம்முன் நிற்கும் கேள்வி. அவ்வாண்டு மே 6 ஆம் தேதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் மூலம், இரசாயனப் பசளையினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியை கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் ஒரேயடியாகத் தடைசெய்தது. நாட்டை முழுமையாக இயற்கை வேளாண்மைக்கு மாற்றுவதாகப் பறைசாற்றப்பட்டது. உண்மையில் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. நாடெங்கும் கமக்காரர் வீதியில் இறங்கினர். நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. ஆனால் பெரும்போகம் அதற்காகக் காத்திருக்கவில்லை. நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது; அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது.

அன்று முதல் வேம்பைப் பற்றிப் பேசுவோரைப் பார்த்து நகைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் 2021 இல் தோற்றது எது என்று ஆராயவேண்டும். முதலாவதாக, பசளையும் கிருமிநாசினியும் ஒன்றல்ல. நைதரசன் இன்றி நெல் வளராது. அதற்கு வேப்பஞ்சாறு ஈடாகாது. தெளிப்பை வெகுவாகக் குறைக்க இயலும் என்பதற்கு உள்ள சான்றுகள், பசளையை ஒரு போகத்தில் நிறுத்தலாம் என்பதற்கு இல்லை. இரண்டையும் ஒரே ஆணையிற் கட்டியது அறியாமை. இரண்டாவதாக, களைநாசினிக்கும் வேம்பு மாற்றன்று. விதைப்பு வயலில் களைநாசினி நின்றால், களை பிடுங்கும் உழைப்பு யார் தலையில் விழும்? பெண்களின் தலையிலே. அதற்குக் கூலி யார் கொடுப்பது என்று ஆணையிட்டவர் எவரும் கேட்கவில்லை. மூன்றாவதாக, மாற்றுப் பொருள்களை ஆக்கும் நிலையங்கள் கிராமங்களில் இருக்கவில்லை.

இரண்டு நாடுகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும். இந்தோனேசியாவில் 1980களின் நடுப்பகுதியில் கபிலநிறத் தத்தி பேரழிவு விளைவித்தது. அரசாங்கமோ கிருமிநாசினி விலையின் பெரும்பகுதியைத் தானே மானியமாகக் கொடுத்துவந்தது. தத்தியைப் பெருக்குவது அம்மானியமே என்று விஞ்ஞானிகள் வயலிலேயே நிரூபித்தனர். 1986 நவம்பரில் அரசாணை ஒன்று நெல்லுக்கு 57 கிருமிநாசினிகளைத் தடைசெய்தது. மானியமும் 1989 க்குள் நீக்கப்பட்டது. ஆணையோடு அவர்கள் நிற்கவில்லை. உழவர் வயற்பள்ளிகளை நிறுவினர். வாரந்தோறும் உழவர்கள் வயலில் இறங்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, வரைந்து, தெளிக்கலாமா வேண்டாமா என்று தாமே முடிவு செய்தனர். கிருமிநாசினி குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

கியூபாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1990-91 இல் சோவியத் யூனியனின் உதவி அற்றுப்போனபோது அந்நாட்டிற்கும் பசளையும் கிருமிநாசினியும் திடீரென நின்றன. பஞ்சமும் துயரமும் அவர்களையும் தாக்கின. அதை மறைப்பது வரலாறாகாது. ஆனால் நெருக்கடிக்கு முன்னரே, 1988 முதல், பூச்சியின் பகைவரை வளர்க்கும் சிறு ஆய்வுகூடங்களை அவர்கள் நாடெங்கும் அமைக்கத் தொடங்கியிருந்தனர். இருநூறுக்கு மேற்பட்ட அத்தகைய கூடங்களில், அவ்வூர் இளைஞரே பூஞ்சணத்தையும் பற்றீரியத்தையும் நுண்குளவியையும் வளர்த்துக் கூட்டுறவுப் பண்ணைகளுக்கு வழங்கினர். கியூபா ஆய்வுகூடத்திலிருந்து வயலுக்குச் சென்றது. நமது நாடு வர்த்தமானியிலிருந்து வயலுக்குச் செல்ல முயன்றது.

வன்னி மக்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990 முதல் 2002 தொடக்கம்வரை வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் யூரியாப் பசளையும் அடங்கியிருந்தது. இல்லாமையால் இயற்கை முறைக்குத் தள்ளப்படுவது வேறு. அறிந்து தெளிந்து அதைத் தேர்ந்தெடுப்பது வேறு. முன்னையது தண்டனை, பின்னையதே விடுதலை. ஒருமுறை தடையாகவும் மறுமுறை ஆணையாகவும் மேலிருந்து வந்ததை மக்கள் ஐயத்தோடு நோக்கினால், அவர்களைப் பிற்போக்காளர் என்று பழிக்க நமக்கு உரிமையில்லை.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே வழி யாது? அக்கராயன் பகுதியில் வேம்புக்குப் பஞ்சமில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பழம் உதிரும். பொறுக்கி, சதை கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்கிலிட்டு வைக்கவேண்டும். மூன்று மாதம் கடந்த, எட்டு மாதத்துக்கு மேற்படாத கொட்டையே சிறந்தது என்பது கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டல். பெரும்போகப் பயிர் இளம் பயிராய் நிற்கும் காலத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஐந்து கிலோ பருப்பை இடித்து, நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, நூறு லீற்றராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவேண்டும். இதில் இரகசியம் ஒன்றுமில்லை, காப்புரிமையும் இல்லை.

ஆனால் உழைப்பு இருக்கிறது. ஒரு குடும்பம் தனித்து நின்று பழம் பொறுக்கி இடித்துத் தெளிப்பதைவிடக் கடனுக்கு ஒரு போத்தல் வாங்குவது எளிது. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்துப் புனுகுலா என்ற சிற்றூர் இந்தத் தடையை எவ்வாறு தாண்டியது? மகளிர் குழுக்களும் தொண்டர்களும் சேர்ந்து, வேப்பங்கொட்டையை ஊர் முழுவதற்கும் பொதுவாகச் சேர்த்து அரைத்தனர். அரைத்தவர்களுக்கு அது வருவாயுமாயிற்று. 2003 இல் அவ்வூர் தன்னைக் கிருமிநாசினியற்ற ஊரென அறிவித்துக்கொண்டது. பருத்தி விளைந்த, கடனில் மூழ்கிய ஊர் அது. தனி மனிதனால் இயலாததைக் கூட்டுறவு செய்தது. ஸ்கந்தபுரத்திலும் கமக்காரர் அமைப்புண்டு, கூட்டுறவு மரபுண்டு, போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கு வேலையின் தேவையுண்டு. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகிறது. அங்குள்ள நுண்ணோக்கிக்கும் அக்கராயன் வயலுக்கும் இடையே சில மைல் தூரமே உண்டு. அத்தூரத்தைக் கடப்பதற்கு வர்த்தமானி தேவையில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! இதில் நமது பங்கு சிறிதன்று. நெல் வயலருகே உள்ள ஒவ்வொரு பள்ளியும் ஒரு வயற்பள்ளியாகலாம். ஒரு வகுப்பு ஒரு வயலைத் தேர்ந்து, வாரந்தோறும் ஒரு நெற்பட்டத்தில் எத்தனை தத்தி, எத்தனை சிலந்தி, எத்தனை தட்டாரப்பூச்சி என்று எண்ணி எழுதட்டும். தெளித்த வயலையும் தெளியாத வயலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். வேம்பு பயன்தராத இடத்தையும் ஒளியாமல் எழுதட்டும். மூன்று போகங்கள் அவ்வாறு எழுதிய கொப்பி, எந்தக் கம்பெனியின் விளம்பரத்துக்கும் எந்த அமைச்சரின் ஆணைக்கும் பதில் சொல்லவல்ல ஆயுதமாகும்.

இரசாயனமா வேம்பா என்ற கேள்வி பொருளைப் பற்றியதுபோற் தோன்றினாலும், அதிகாரத்தைப் பற்றியதே. வயலில் எதைத் தெளிப்பதென்று தீர்மானிப்பவர் கடைக்காரரா, அதிகாரியா, அல்லது அவ்வயலில் உழைப்பவரா? தேயிலை மலையில் ஒரு சிறு குளவியும் இந்தோனேசிய வயலில் ஒரு சிலந்தியும் காட்டிய உண்மையை அறிந்த உழவன் எவனும் ஏமாற்றப்படமாட்டான். அந்த அறிவை அவன் கையிற் சேர்ப்பது நமது கடன். ஆடி மாதம் வருகிறது, வேப்பம்பழம் உதிரப்போகிறது.